கிராணி வேலை தெரிந்தால் டேட்டா வேலைக்கு வரலாம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று அப்பா கேட்டபோது "டேட்டா சயின்டிஸ்ட்" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ ஜொகூர்லயா வேலை?" என்றார். ஜொகூரில் டேட்டா சென்டர் கட்டுவதைச் செய்தியில் பார்த்திருக்கிறார். அது வேறு துறை அப்பா, அங்கே மின்சாரமும் குளிரூட்டியும் கேபிளும் தெரிந்த ஆள்கள் வேண்டும் என்று விளக்கினேன். முகம் மாறவில்லை. கடைசியில் "கிராணி வேலைப்பா" என்றேன். தோட்டத்தில் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பேர் போட்டு, யார் எத்தனை செம்பனைக் குலை வெட்டினார்கள் என்று எழுதி வைப்பார் இல்லையா, அந்தக் கிராணி. மாசக் கடைசியில் தொரை கூப்பிட்டு "ஏன் இந்த மாசம் குறைஞ்சது, அடுத்த மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டிய கிராணி. அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அது பெரிய வேலைதான்" என்றார்.

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) எழுதிய பிள்ளைகளும், டிப்ளோமா முடித்துவிட்டுக் கடையில் நிற்கும் பிள்ளைகளும் "அக்கா, இந்த வேலைக்கு எப்படிப் போறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் போன வழி இது. இதைவிட நல்ல வழி இருந்தால் அதில் போங்கள்.

முதலில் விளம்பரத்தைப் படிக்கப் பழகுங்கள். "டேட்டா சயின்டிஸ்ட்" என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். கீழே படித்தால் எக்செல், பவர் பிஐ, வாராந்தர அறிக்கை என்று இருக்கும். அது டேட்டா அனலிஸ்ட் வேலை. இன்னொன்றில் "அனலிஸ்ட்" என்று போட்டு, கடன் வாங்கியவர் திருப்பிக் கட்டுவாரா என்று கணிக்கும் மாடல் (பழைய தரவைப் பார்த்துக் கணிக்கப் பழகும் நிரல்) செய்யச் சொல்லியிருப்பார்கள். தலைப்பை விட்டுவிட்டு வினைச்சொற்களைப் பாருங்கள். அறிக்கை தயாரி, டேஷ்போர்ட் (எண்களைப் படமாகக் காட்டும் பக்கம்) செய் என்றால் அனலிஸ்ட். தரவை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தினமும் கொண்டுபோய்ச் சேர் என்றால் டேட்டா இன்ஜினியர். மாடல் செய்து அதை ஓடவும் வை என்றால் மெஷின் லேர்னிங் இன்ஜினியர். அதற்கு மென்பொருள் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பட்டதாரியாக முதல் முறை போகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வாசல் அனலிஸ்ட்தான். அதில் வெட்கம் வேண்டாம். நானும் அந்த வாசலில்தான் நுழைந்தேன், 2019-ல், ஒரு காப்புறுதி நிறுவனத்தில், 2,600 வெள்ளிக்கு (ரிங்கிட்).

விளம்பரத்தில் பன்னிரண்டு கருவிகளைப் பட்டியல் போட்டிருந்தால் பயப்படாதீர்கள். அது பாதி ஆசைப் பட்டியல். பாதி தெரிந்தாலே விண்ணப்பிக்கலாம். "மாண்டரின் பேசத் தெரிந்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி சில விளம்பரங்களில் வரும். சில வேலைகளுக்கு அது உண்மையிலேயே தேவை, சிலவற்றுக்கு ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கோபப்பட்டு உட்கார்ந்திருப்பதைவிட அடுத்த விளம்பரத்துக்குப் போவது நல்லது.

என்ன படிப்பது? இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசியே பிள்ளைகள் ஒரு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். முதலில் எஸ்.கியூ.எல். தரவு உட்கார்ந்திருக்கும் அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழி அது. லாரிகளுக்கு ஓர் அட்டவணை, தோட்டங்களுக்கு ஓர் அட்டவணை, இரண்டையும் சேர்த்து "எந்தத் தோட்டத்திலிருந்து செவ்வாய்க்கிழமை எத்தனை டன் வந்தது" என்று கேட்க வந்துவிட்டால் பாதி ஆபீஸ் வேலை கையில் வந்துவிட்டது. அப்புறம் பைத்தான் என்ற நிரல் மொழி, அதில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ். அப்புறம் புள்ளியியல்: சராசரிக்கும் நடுமதிப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் நேர்முகத்தேர்வுக்குப் போகாதீர்கள். நியூரல் நெட்வொர்க், பெரிய மொழி மாடல் எல்லாம் பிறகு. தரவுப் பயிற்சிக்கான காகிள் தளத்தில் இதற்கெல்லாம் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. வீட்டுக் கணினி மெதுவாக ஓடினால், இணையத்திலேயே பைத்தானை ஓட்டும் கூகள் கோலாப் போதும். உலாவி திறந்தால் சரி.

இந்த இடத்தில் என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் கோலாலம்பூரில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு 6,500 வெள்ளி கட்டினேன். மூன்று மாதம், வேலை நிச்சயம் என்றார்கள். அதில் பாதி அம்மா சீட்டுக் கட்டி எடுத்த பணம். வகுப்பில் இருந்த எல்லோருக்கும் ஒரே பயிற்சித் திட்டம்: டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்தார்கள் என்று கணிப்பது. எல்லோரும் அதே கோப்பை, அதே வண்ணப் படங்களோடு, விண்ணப்பத்தில் இணைத்து அனுப்பினோம். எங்களைக் கூப்பிடாதவர்களைக் குறை சொல்ல முடியுமா? அந்தக் கப்பலை உலகம் முழுக்கப் படிக்கிறவர்கள் எல்லோரும் மூழ்கடித்துவிட்டார்கள்.

பணம் கட்டிப் படிப்பதே தப்பு என்று சொல்லவில்லை. நீங்கள் ஏற்கெனவே ஒரு தொழிற்சாலையிலோ ஆபீசிலோ வேலையில் இருந்தால், மனிதவளப் பிரிவில் ஒரு கேள்வி கேளுங்கள்: எச்.ஆர்.டி. கார்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு நிறுவனம் கட்டும் லெவியிலிருந்து (பயிற்சி நிதியிலிருந்து) இந்தப் பயிற்சிக்குக் கட்ட முடியுமா? பத்து மலேசியத் தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்கள், சட்டம் குறிப்பிடும் துறைகளில், அந்த லெவியைக் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டிய பணம் சும்மா கிடக்கும் இடங்களும் உண்டு. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

இனி உண்மையான வேலைக்கு வருவோம். உங்களுக்கென்று ஒரு திட்டம் வேண்டும், நீங்கள் அறிந்த உலகத்திலிருந்து. நான் பட்டம் முடித்து வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பி, இரண்டு வருடம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி எடை போடும் தராசில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அது தோல்வி மாதிரி இருந்தது. இப்போது யோசித்தால் நான் படித்த படிப்பிலேயே நல்ல படிப்பு அதுதான்.

லாரி வரும். குலையோடு ஓர் எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெறும் லாரியாக ஓர் எடை. கழித்தால் நிகர எடை. எவ்வளவு எளிது! ஆனால் ஒரு நாள் அறிக்கையில் ஒரு லாரி மைனஸ் 8.42 டன் கொண்டுவந்திருந்தது. இரவு ஷிப்டில் யாரோ இரண்டு எடையையும் இடம் மாற்றித் தட்டியிருக்கிறார்கள். ஒரே லாரியின் எண் ஒரு நாள் இடைவெளி விட்டும், மறுநாள் விடாமலும், இன்னொரு நாள் நடுவில் கோடு போட்டும் இருக்கும். கணினிக்கு அது மூன்று லாரி. தேதி இதைவிட மோசம். நாம் நாளை முதலில் எழுதுகிறோம், மேசையில் இருந்த கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் வைத்திருந்தது. மாதத்தின் 12-ஆம் தேதி வரைக்கும் நாளும் மாதமும் இடம் மாறி சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். 13-ஆம் தேதியிலிருந்து எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் கட்டத்தின் இடது பக்கம் ஒதுக்கிவிடும். ஏப்ரல் மாதக் குலைகள் டிசம்பர் வரைக்கும் சிதறிக் கிடந்தன. இடது பக்கம் ஒதுங்கி நின்ற அந்தப் பதினெட்டுத் தேதிகளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

இந்த மாதிரிக் கதை உங்களிடம் ஒன்றாவது இருக்க வேண்டும். மளிகைக் கடையில் நின்றவருக்கும், கோயில் கணக்கு எழுதியவருக்கும் நிச்சயம் இருக்கும். தரவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரா இல்லையா என்பதைத்தான் வேலைக்கு எடுக்கிறவர் முதலில் பார்க்கிறார்.

ஆனால் ஆலையின் தரவை வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது. அது முதலாளியின் சொத்து. நான் பொதுத் தரவுக்குப் போனேன். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் மாதாமாதம் உற்பத்தி, இருப்பு, ஏற்றுமதிக் கணக்கை வெளியிடுகிறது. ஓப்பன்டோசம் தளத்தில் புள்ளிவிவரத் துறையின் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் ஆரம்பித்தபோது அது கிடையாது, உங்களுக்கு அதிர்ஷ்டம். மழைக்கு நாசாவின் பவர் தளம்: அட்சரேகை 4.82, தீர்க்கரேகை 101.07 என்று கொடுத்தால் சுங்கை சிப்புட்டின் அன்றாட மழைக் கணக்கு வந்துவிடும்.

நான் எடுத்த கேள்வி: அடுத்த மாதம் நாட்டில் எவ்வளவு செம்பனை எண்ணெய் வரும்? பிப்ரவரி வாக்கில் உற்பத்தி தாழ்ந்து செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஏறும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். எல் நினோ வறட்சி வந்தால் மரம் உடனே காட்டாது, மாதங்கள் கழித்துத்தான் காட்டும் என்பதும் தெரியும். 2015-ல் 19.96 மில்லியன் டன்னாக இருந்தது 2016-ல் 17.32 மில்லியனுக்கு இறங்கியதன் பின்னால் அந்த வறட்சி இருந்தது. அந்த வருடம் அப்பாவின் கூலியும் இறங்கியது.

பயிற்சியில் சொன்னபடியே மாதங்களை எல்லாம் குலுக்கிப் போட்டு, எண்பது விழுக்காட்டில் மாடலுக்குப் பாடம் நடத்தி, மீதியில் சோதித்தேன். அருமையான விடை. இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது: 2014 மார்ச்சைக் கணிக்கச் சொல்லிவிட்டு 2014 ஏப்ரலையும் மே மாதத்தையும் முன்கூட்டியே காட்டியிருக்கிறேன். பரீட்சைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய மாதிரி. காலத்தோடு ஓடும் தரவைக் குலுக்கக் கூடாது. 2017 வரைக்கும் பாடம், 2018 முழுக்கச் சோதனை என்று திரும்பச் செய்தேன். "போன வருடம் இதே மாதம் எவ்வளவோ அவ்வளவுதான்" என்ற ஒரு வரிக் கணக்கிடம் என் மாடல் தோற்றது.

அதை மறைக்காமல், நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் அப்படியே எழுதி வைத்தேன். எங்கே ஏமாந்தேன், எப்படிக் கண்டுபிடித்தேன், எளிய கணக்கு ஏன் ஜெயித்தது என்று ஒரு பக்கம். காப்புறுதி நிறுவனத்தின் நேர்முகத்தேர்வில் நாற்பது நிமிடம் இதைப் பற்றியே பேசினார்கள்.

அங்கே கேட்ட இன்னொரு கேள்வியையும் சொல்கிறேன், எல்லா இடத்திலும் கேட்பார்கள். "உங்கள் மாடல் 97 விழுக்காடு சரி என்றால் நல்ல மாடலா?" ஆலையின் ரேம்பில் குலைகளைக் கொட்டித் தரம் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் குலையில் 30 காய்க்குலை என்று வையுங்கள். "எல்லாம் பழம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 97 விழுக்காடு சரிதான். ஒரு காய்க்குலையைக்கூடப் பிடித்திருக்க மாட்டோம். ஆகவே இரண்டு கணக்கு வேண்டும். இருக்கும் 30-ல் எத்தனையைப் பிடித்தோம் என்பது ரீகால். காய் என்று நாம் ஒதுக்கியவற்றில் எத்தனை உண்மையிலேயே காய் என்பது பிரிசிஷன். முதலாவது தப்பினால் ஆலைக்கு எண்ணெய் நட்டம். இரண்டாவது தப்பினால் ஒழுங்காக வெட்டிய ஒருவருக்குத் தண்டம் போடுவார்கள். எந்தத் தப்பு யாருடைய காசைத் தொடுகிறது என்று சொல்லத் தெரிந்தால், சூத்திரம் மறந்து போனாலும் கேட்டவர் மன்னித்துவிடுவார்.

ஆள்களின் தரவு கையில் வரும்போது கவனம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது. பெயரை மட்டும் அழித்துவிட்டு ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணை விட்டுவைத்த ஒரு தம்பியின் கோப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். முதல் ஆறு எண் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக்குக்கு 08, கடைசி எண் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். பெயரை அழித்து என்ன பயன்?

பெயர் என்றதும் நம்முடைய பழைய தலைவலி. இன்னாரின் மகன், மகள் என்று குறிக்கும் ஏ/எல், ஏ/பி. அந்தச் சாய்ந்த கோட்டைச் சில பாரங்கள் ஏற்பதில்லை. குடும்பப் பெயர் எது என்று கேட்டு ஒரு கட்டம் வரும். அப்பா பெயரைப் போடுவதா, நம் பெயரைப் போடுவதா? நான் மூன்று விண்ணப்பத்தில் மூன்று விதமாகப் போட்டுவிட்டு, பிறகு ஓர் ஏஜென்டிடம் நான் ஒரே ஆள்தான் என்று விளக்கினேன். ஒரு முறையைத் தேர்ந்தெடுங்கள், எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். பட்டச் சான்றிதழில் உள்ள பெயரோடு பொருந்தினால் போதும்.

விண்ணப்பக் குறிப்பு ஒரே பக்கம். செய்த வேலையைச் சொல்லும்போது கூச்சம் வேண்டாம், பொய்யும் வேண்டாம். நான் முதலில் "தராசு கிளார்க், லாரி எடை போட்டேன்" என்று எழுதியிருந்தேன். பிறகு இப்படி மாற்றினேன்: "தினமும் சுமார் 120 லாரிகளின் எடைப் பதிவு, தேதி மாறிப் பதிவானதைக் கண்டுபிடித்து ஏப்ரல் மாத அறிக்கையைத் திருத்தினேன், எடை இடம் மாறினால் சிவப்பாகக் காட்டும் எக்செல் கோப்பு செய்தேன்." அதே நாற்காலி, அதே வேலை. அதன் பிறகுதான் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது.

எங்கே தேடுவது? ஜாப்ஸ்ட்ரீட், லிங்க்டின் எல்லோருக்கும் தெரியும். பெர்கெசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம், சொக்சோ) நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தையும் பாருங்கள். எல்லோரும் கோலாலம்பூர், சைபர்ஜெயா என்றே ஓடுகிறார்கள். வங்கியும் தொலைத்தொடர்பும் காப்புறுதியும் அங்கேதான் என்பது சரி. ஆனால் நம் வடக்கே பினாங்கில் பாயான் லெப்பாசும் கெடாவில் கூலிம் ஹை-டெக் பார்க்கும் இருக்கின்றன. சில்லு செய்யும், சோதிக்கும் தொழிற்சாலைகள் ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் தரவைக் கொட்டுகின்றன. எந்தத் தொகுதி ஏன் பழுதானது என்று பார்க்க ஆள் வேண்டும். விளம்பரத்தில் "டேட்டா" என்ற சொல்லே இருக்காது. "யீல்டு" (பழுதில்லாமல் தேறும் அளவு), "பிராசஸ்" (தயாரிப்பு முறை) என்று போட்டிருப்பார்கள். அந்தச் சொற்களையும் போட்டுத் தேடுங்கள். தோட்ட நிறுவனங்களின் தலைமை அலுவலகங்களையும் விடாதீர்கள். டன் என்றால் என்ன, பெரட்டு எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர் அங்கே உள்ள தரவுக் கூட்டத்தில் அதிகம் பேர் இல்லை.

டெலிகிராமில் "டேட்டா வேலை, வீட்டிலிருந்து, ஒரு நாளைக்கு 300 வெள்ளி" என்று வந்தால் அழித்துவிடுங்கள். வேலை தருகிறேன் என்பவர் முதலில் உங்களிடம் பணம் கேட்டால், அவருடைய வேலை உங்களிடம் பணம் வாங்குவதுதான்.

நேர்முகத்தேர்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எனக்கு முதல் இரண்டு தேர்வில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு ஒரு வழி செய்தேன்: என் திட்டத்தை முதலில் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவருக்குப் புரியும்வரை விடவில்லை. "அப்ப நீ சொன்ன கணக்கு தப்பு, சும்மா சொன்ன கணக்கு சரியா?" என்று அம்மா கேட்ட அன்றைக்கு எனக்கே தெளிவாகிவிட்டது. அதன் பிறகு மலாயில், ஆங்கிலத்தில் சொல்வது சொற்களைத் தேடுவது மட்டும்தான்.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஒரு மாற்றம். முன்பு புதியவர்களுக்குக் கொடுத்த சின்னச் சின்ன வேலைகளில் பலவற்றை இப்போது அதைக் கொண்டே முடித்துவிடுகிறார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சோதனையை அது எழுதித் தந்துவிடும் என்று நிறுவனங்களுக்கும் தெரியும். அதனால் முடித்து அனுப்பியதும் கூப்பிட்டு, "இந்த வரியை ஏன் இப்படி எழுதினீர்கள், இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கிறார்கள். நானும் இப்போது ஆள் எடுக்கும்போது அப்படித்தான் கேட்கிறேன். அதன் உதவியை வாங்குங்கள், நானும் தினமும் வாங்குகிறேன். விளங்காத வரி ஒன்றைக்கூட உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள்.

வேலை கிடைத்துவிட்டால் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். 2025 பிப்ரவரி முதல் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. பட்டம் கேட்டுவிட்டு 1,900 கொடுக்கிறவரிடம் பேரம் பேசத் தயங்க வேண்டாம். சேமநிதியும் சொக்சோவும் கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள். 3,000 சம்பளம் என்றால் உங்கள் 11 விழுக்காடு, 330 வெள்ளி, சேமநிதிக்குப் போகும். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. "ஃப்ரீலான்ஸ்" என்று எழுதி அதைக் கட்டாமல் தப்புகிறவர்கள் உண்டு. ஏஜென்சி வழியாக ஒரு வருடக் காண்டிராக்ட் என்றால், முடிந்த பிறகு என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் அறை. செந்தூலில் நான் எடுத்த அறைக்கு மாதம் 550. ஆனால் சாவி வாங்க அன்றைக்கே இரண்டு மாத டெபாசிட், முதல் மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்குப் பாதி மாதம் என்று 1,925 வெள்ளி கேட்டார்கள். சம்பளம் வந்தது முப்பது நாள் கழித்து. பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து 3,000 வெள்ளியாவது கையில் இல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள். இல்லையென்றால் முதல் மாதம் மட்டும் சித்தி வீட்டு ஹாலில் படுத்துக்கொள்ள முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.